உளவியல் கல்வி: வந்த வழியும் வாழும் வழியும்



பரிசளிப்பு விழா என்றால் மேடையேறும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பெரியவனானதும் என்னவாகப் போறே?" டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆசிரியர் என்ற நான்கு பதில்களும் தவறாமல் வரும். ஐந்தாவதாக ஒன்று வருவது அபூர்வம். அப்படி ஒரு பிள்ளை எழுந்து, "நான் உளவியல் படிக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? "என்னாது, தஞ்சோங் ரம்புத்தான் டாக்டரா? அதுக்கா இத்தனை கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சோம்?" என்று கேட்காத வீடுகள் நம்மிடையே குறைவு.

பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரை நாம் கேலிப் பேச்சாக்கி நெடுங்காலமாகிறது. மருத்துவமனைக்கு இப்போது 'பகாகியா', அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். பெயர் மாறினாலும் நம் கேலி மாறவில்லை. மனத்தைப் பற்றிய படிப்பு என்றாலே பைத்தியம் பற்றிய படிப்பு என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

அந்த முடிவு சரிதானா? இந்தப் படிப்பு எங்கே பிறந்தது, யார் யார் அதைப் படித்தார்கள், படித்தவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தால் விடை தெரியும். அந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒருவர் வருகிறார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பையனைக் கையோடு அழைத்துக்கொண்டு வருகிறார். ஆகவே கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த படிப்பு

மனம் என்றால் என்ன என்று மனிதன் ஆதிகாலம் தொட்டே கேட்டு வந்திருக்கிறான். ஞானிகளும் தத்துவ மேதைகளும் அதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். ஆனால், மனத்தின் செயலைக் கருவி வைத்து அளந்து பார்க்கலாம் என்று ஒரு தனி ஆய்வுக்கூடம் அமைத்தவர் ஜெர்மனி நாட்டு வில்லெம் வுண்ட். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1879ஆம் ஆண்டு அவர் அமைத்த ஆய்வுக்கூடத்தையே உளவியலின் பிறப்பிடமாக நூல்கள் குறிக்கின்றன.

அங்கே நடந்த ஆய்வுகள் பார்வைக்கு எளிமையானவை. ஓர் ஓசை எழும்பும். அது காதில் விழுந்ததும் மாணவர் ஒரு விசையை அழுத்த வேண்டும். இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஒரு நொடியின் சின்னஞ்சிறு பகுதி வரைக்கும் கருவி அளந்து காட்டும். இன்னொரு முறை, இரண்டு ஓசைகளில் ஒன்றுக்கு மட்டும் அழுத்தச் சொல்வார்கள். இப்போது நேரம் கூடும். அந்தக் கூடுதல் நேரம்தான் மனம் பிரித்தறிய எடுத்துக்கொண்ட நேரம் என்று கணக்கிட்டார்கள்.

"இதெல்லாம் என்னாத்துக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்திலும் கேட்டார்கள். ஆனாலும் உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் கப்பலேறி லைப்சிக் நகருக்குச் சென்றார்கள். வுண்டின் வழிகாட்டலில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் 180க்கும் மேற்பட்டோர். அவர்கள் தத்தம் நாடு திரும்பி ஆங்காங்கே ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி ஹால் என்பவர் 1892ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தை உருவாக்கினார். தொடக்கத்தில் அதன் உறுப்பினர்கள் முப்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். படித்தவர்களுக்கு இருந்த ஒரே தொழில், அதையே பல்கலைக்கழகத்தில் மற்றவர்களுக்குப் படிப்பித்துக் கொடுப்பதுதான். வெளியுலகில் அந்தப் படிப்புக்கு வேலை இல்லை.

ஓர் ஆசிரியை கேட்ட கேள்வி

அந்த நிலையை மாற்றியது ஒரு பள்ளிப் பிள்ளை என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் லைட்னர் விட்மர் என்பவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்து வந்தார். அவர் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு லைப்சிக் சென்று 1892ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவருடைய வகுப்பில் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் வந்து படித்தார்கள். அவர்களில் ஒருவர் மார்கரெட் மெகுவையர் என்ற ஆசிரியை.

அந்த ஆசிரியையிடம் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மற்றவற்றில் கெட்டிக்காரன், ஆனால் எழுத்துக் கூட்டி எழுதச் சொன்னால் வராது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் பயனில்லை. ஆசிரியை யோசித்தார். மனம், நினைவு, கவனம் என்று இவ்வளவு பேசுகிற படிப்பு இது. இந்த ஒரு பையனுக்கு ஏன் வரவில்லை என்று அது சொல்ல வேண்டாமா? சொல்ல முடியாவிட்டால் அந்தப் படிப்பால் என்ன பயன்? 1896ஆம் ஆண்டு மார்ச் மாதம் பையனை விட்மரிடம் அழைத்துச் சென்றார்.

விட்மர் திகைத்தார். இப்படிப்பட்ட பிள்ளையை எப்படிச் சோதிப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவராகவே பையனைப் படிக்க வைத்துப் பார்த்தார், கண்ணைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். பையனுக்குப் பார்வைக் கோளாறு இருப்பது தெரிந்தது. அதுவரை அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடி போட்டார்கள். ஆனால் கண்ணாடி மட்டும் போதவில்லை. வாசிக்கவும் எழுதவும் அவனுக்கென்று தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பின் முன்னேற்றம் தெரிந்தது.

அந்த ஆண்டே விட்மர் தம் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கான உளவியல் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். உலகில் அதுவே முதலாவது. 1907ல் அதற்கென ஓர் இதழையும் நடத்தி, இந்தத் தொழிலுக்கு 'கிளினிக்கல் சைக்காலஜி' என்று பெயர் வைத்தார். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் பணியாற்றும் உளவியலாளர்களின் தொழில் அப்படித்தான் வடிவம் பெற்றது.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அந்த ஆசிரியை, "இவன் மக்கு, இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கலாம். கேட்பாரில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்?" என்று கேட்டார்.

அளவுகோல் வந்தது, ஆபத்தும் வந்தது

ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்ஸ் நாட்டிலும் இதே கவலை எழுந்தது. கட்டாயக் கல்வி வந்து எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தபோது, தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவது எப்படி என்று அரசாங்கம் 1904ல் ஒரு குழு அமைத்தது. குழுவில் இருந்த ஆல்ஃபிரட் பினே, சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1905ல் 30 கேள்விகளும் பணிகளும் அடங்கிய ஒரு சோதனையைத் தயாரித்தார். நுண்ணறிவுச் சோதனை என்று நாம் இன்று சொல்வதன் முன்னோடி அதுதான்.

பினேயின் நோக்கம் நல்லது. எந்தப் பிள்ளைக்கு உதவி தேவையோ அதைக் கண்டுபிடித்து உதவ வேண்டும் என்பதே அது. அறிவு பிறவியிலேயே இவ்வளவுதான் என்று அளந்து வைக்கப்பட்டது, அது கூடாது என்று சொல்வோரை அவர் கண்டித்து 1909ல் எழுதினார். பயிற்சியால் வளரும் என்பது அவர் கொள்கை. 1911ல் அவர் காலமானார்.

சோதனை கடல் கடந்து அமெரிக்கா போனதும் நோக்கம் மாறிப்போனது. உதவுவதற்காகச் செய்த அளவுகோலை ஒதுக்குவதற்காகப் பயன்படுத்தினார்கள். முதல் உலகப் போரின்போது 17 இலட்சம் போர்வீரர்களுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். ஆங்கிலம் தெரியாத குடியேறிகளும், பள்ளி வசதி கிடைக்காத கறுப்பின மக்களும் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். "பார்த்தீர்களா, இவர்களுக்கு அறிவு குறைவு" என்று சிலர் எழுதினார்கள். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்காதவனுடைய குற்றத்தைப் பிள்ளையின் மண்டையில் ஏற்றினால் நியாயமா?

ஆக, இந்தப் படிப்பு இருபக்கமும் கூரான கத்தி. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லா மக்களிடமிருந்தும் இந்தப் படிப்புக்கு ஆள் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். அப்படிப் போக முயன்றவர்களுக்குக் கதவு திறந்திருந்ததா என்பதை அடுத்துப் பார்ப்போம்.

பூட்டிய கதவுகளும் தட்டிய மாணவர்களும்

மேரி கால்கின்ஸ் என்ற பெண்மணி வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியில் கிரேக்க மொழி கற்பித்தவர். கல்லூரி அவரை உளவியல் கற்பிக்கச் சொன்னதால், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க விரும்பினார். அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. மிகவும் வேண்டிக் கேட்டதன்பேரில் விருந்தினராக வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள். 1891ல் வெல்ஸ்லியில் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1895ல் ஹார்வர்டு பேராசிரியர்கள் அவரைச் சோதித்து, டாக்டர் பட்டத்துக்கு முழுத் தகுதி உண்டு என்றார்கள். ஆனால் பெண் என்பதால் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. பிறகு, சகோதரக் கல்லூரியான ராட்கிளிஃபின் பெயரில் பட்டம் தருவதாக 1902ல் சொன்னபோது, அம்மையார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் படித்தது எங்கோ, பட்டம் வேறெங்கோ என்பதை ஏற்க அவர் மனம் இடம் தரவில்லை. பட்டம் இல்லாமலே 1905ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவியை வகித்த முதல் பெண் அவரே.

இடையில், மார்கரெட் வாஷ்பர்ன் என்ற மாணவி கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1894ல் பட்டம் பெற்று, உளவியலில் டாக்டரான முதல் பெண்ணாக விளங்கினார்.

அடுத்தவர் பிரான்சிஸ் சம்னர். 1895ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பிள்ளை. ஆரம்பப் பள்ளிக்குப் பிறகு உயர்நிலைப் பள்ளியில் படிக்க அவருக்கு வாய்ப்பு இல்லை. அவர் பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? கிடைத்த புத்தகங்களை வைத்து வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாததால், நுழைவுச் சோதனை எழுதி லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1915ல் பட்டம் பெற்றார். பிறகு கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஹாலிடம் மாணவரானார். நடுவில் போருக்கு அழைத்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து 1920ல் டாக்டர் பட்டம் பெற்றார். உளவியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

சம்னர் தம் வெற்றியோடு நின்றுவிடவில்லை. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை வளர்த்து, தம் மக்களின் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அங்கே படித்தவர்களில் கென்னத் கிளார்க், மேமி ஃபிப்ஸ் என்ற இருவர் முக்கியமானவர்கள். மேமி 1934ல் கணிதம் படிக்க வந்தவர். கென்னத்தின் பேச்சைக் கேட்டு உளவியலுக்கு மாறினார். பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கென்னத் 1940லும் மேமி 1943லும் டாக்டர் பட்டம் பெற்றார்கள்.

அவர்கள் செய்த ஆய்வைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நான்கு பொம்மைகளைக் காட்டினார்கள். எல்லாம் ஒரே அச்சு. இரண்டு வெள்ளை நிறம், இரண்டு பழுப்பு நிறம். "எந்தப் பொம்மை நல்ல பொம்மை? எது கெட்டதாகத் தெரிகிறது?" என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றன. பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றன. கடைசியாக, "இதில் உன்னைப்போல் இருப்பது எது?" என்று கேட்டார்கள். சில குழந்தைகள் அழுதுகொண்டே எழுந்து ஓடிவிட்டன. தன்னைத் தானே தாழ்வாக நினைக்க அந்த வயதிலேயே சமுதாயம் கற்றுக் கொடுத்துவிட்டிருந்தது.

பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954 மே 17ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வுரையும் எடுத்துக் காட்டப்பட்டது. அவருடைய ஆசிரியர் சம்னர் அந்தத் தீர்ப்பைக் காணவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் கண்மூடிவிட்டார். 1971ல் கென்னத் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

மேமிக்கோ டாக்டர் பட்டம் இருந்தும் தகுதிக்கேற்ற வேலை எளிதில் கிடைக்கவில்லை. தம் தந்தையிடம் கடன் வாங்கி, 1946ல் நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில் கணவரோடு சேர்ந்து பிள்ளைகளுக்கான மனநல நிலையம் ஒன்றைத் தொடங்கினார். "உன் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி போதாது" என்று பள்ளிகள் தனி வகுப்பில் போட்ட பிள்ளைகளை ஏழைப் பெற்றோர் அங்கே கொண்டுவந்தார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல. ஒதுக்குவதற்குப் பயன்பட்ட அதே அளவுகோலை மேமி அம்மையார் பிள்ளைகளை மீட்பதற்குப் பயன்படுத்தினார்.

நம் பக்கத்துக் கதை

கடல் கடந்த இந்தப் படிப்பு ஆசியாவுக்கும் வந்தது. இந்தியாவில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1916ல் உளவியல் துறையைத் தொடங்கியது. அதை நடத்திய என். என். சென்குப்தா ஹார்வர்டில் படித்தவர். மைசூரில் 1924ல் துறையைத் தொடங்கியவர் இலண்டனில் படித்த எம். வி. கோபாலசாமி. 1935ல் தம் வீட்டிலிருந்து வானொலி நிலையம் நடத்தி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தவரும் இவரே!

நம் மலேசியாவில் இப்போது தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், சபா பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு பல தனியார் பல்கலைக்கழகங்களிலும் உளவியல் படிக்கலாம். தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்துவிட்டது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மைக் கவுன்செலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மருத்துவ உளவியலாளர்களின் பதிவுக்கு 2016ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் வழிசெய்கிறது.

என்ன வேலை கிடைக்கும்?

"அதெல்லாம் சரி சார், படிச்சா என்ன வேலை கெடைக்கும்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முதலாமவர் மருத்துவம் படித்து டாக்டராகி, பிறகு மனநோய்த் துறையில் தேர்ச்சி பெற்றவர். மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் மருந்து தருவதில்லை. சோதித்து அறிவது, பேச்சாலும் பயிற்சியாலும் குணப்படுத்துவது அவர் பணி.

பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் வாங்கினால் மட்டும் உளவியலாளர் ஆகிவிட முடியாது. மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் அதற்கு மேல் முதுகலைப் பட்டமும் நேரடிப் பயிற்சியும் வேண்டும். ஆகவே இது நீண்ட பாதை. பிள்ளை நடுவழியில் களைத்துப் போகாமல் பெற்றோர் பக்கபலமாக இருக்க வேண்டும்.

முதல் பட்டத்தோடு நிற்பவர்களுக்கும் வழி உண்டு. கம்பெனிகளில் ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, தொழிலாளர் நலன் பார்ப்பது ஆகிய பணிகளுக்கு இவர்களை எடுக்கிறார்கள். விளம்பரம், சந்தை ஆய்வு ஆகியவற்றிலும் இடமுண்டு. அரசாங்கச் சேவையில் 'பெகாவாய் சிக்கோலோகி' எனப்படும் உளவியல் அதிகாரி பதவி இருக்கிறது. பள்ளிகளில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் பணிக்கு அதற்குரிய கல்வியும் பயிற்சியும் பெற்றுப் போகலாம். பேச்சு தாமதமான பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், வாசிக்கவும் எழுத்துக் கூட்டவும் சிரமப்படும் டிஸ்லெக்சியா பிள்ளைகள் ஆகியோருக்கான மையங்களிலும் பணி இருக்கிறது. அங்கே தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் இருந்தால் நம் தாய்மார்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். மனக் கஷ்டத்தை அரைகுறை மொழியில் சொல்லி அழுவது எப்படி?

மாணவர்களே, உங்களுக்கும் சில வார்த்தைகள். பிறர் மனத்தில் இருப்பதை மந்திரவாதி மாதிரி கண்டுபிடிக்கும் வித்தை என்று நினைத்து இதற்குப் போகாதீர்கள். வுண்டின் காலம் தொட்டு இது அளந்து பார்க்கும் படிப்பு. புள்ளியியல் என்ற கணக்குப் பாடம் கட்டாயம் உண்டு. கதை கேட்க ஆசைப்பட்டுச் சேர்ந்து, கணக்கைக் கண்டு பயந்து பின்வாங்கக் கூடாது. மேமி கிளார்க் கணிதத்திலிருந்து வந்தவர் என்பதை மறவாதீர்கள். எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்பே கணிதத்தையும் ஆங்கிலத்தையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆய்வறிக்கை எழுத வேண்டியிருக்கும். ஆகவே தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நிறைய வாசித்து, கோர்வையாக எழுதப் பழகுங்கள். விடுமுறையில் முதியோர் இல்லத்திலோ சிறப்புப் பிள்ளைகள் மையத்திலோ தொண்டு செய்து பாருங்கள். அழுகிற பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் பொறுமையாக உட்கார முடிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

நிறைவாக ஒன்று

இந்த மலரின் பக்கங்களைப் புரட்டினால் பரிசு பெறும் மாணவர்களின் பட்டியல் இருக்கும். உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருந்தால் மகிழ்ச்சி, மனமாரப் பாராட்டுகிறேன். பெயர் இல்லாத பிள்ளைகளும் இன்று பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளையிடம், "அவனைப் பாரு, நீயும்தான் இருக்கியே" என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் கண்ணைச் சோதியுங்கள், காதைச் சோதியுங்கள். ராத்திரி தூங்குகிறானா, பள்ளியில் யாருக்காவது பயப்படுகிறானா என்று விசாரியுங்கள். ஆசிரியரிடம் வந்து, "ஏன் சார் வரலே?" என்று எங்களைக் கேளுங்கள். பதில் தேடுவது எங்கள் கடமை.

அந்தக் கேள்வியைத் தொழிலாகவே செய்ய வரும் பிள்ளைகள் நம்மிலும் இருப்பார்கள். அப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால், தஞ்சோங் ரம்புத்தான் என்று சிரித்து அனுப்பாமல், உட்கார வைத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள்.